பழம்பொருள்களில் ஆக்சிஜன் நீக்கப் பூச்சி ஒழிப்பு

ஆக்சிஜன் நீக்கப் பூச்சி ஒழிப்பு என்பது, பூச்சி பிடித்த பழம்பொருளைக் காற்றுப் புகாத உறையில் வைத்து மூடி, உறைக்குள் உள்ள ஆக்சிஜனை ஏறத்தாழ முழுவதும் அகற்றி, அந்நிலையிலேயே பல நாள்கள் வைத்திருந்து பூச்சிகளை அழிக்கும் முறையாகும். முட்டை, புழு, கூட்டுப்புழு, வளர்ந்த பூச்சி ஆகிய நான்கு நிலைகளும் இதில் அழிகின்றன. அருங்காட்சியகங்கள், நூலகங்கள், ஆவணக் காப்பகங்கள் ஆகியவற்றில் உள்ள மரச் சிற்பம், துணி, தோல், இறகு, காகிதம், பதப்படுத்திய விலங்குடல் போன்ற பொருள்களுக்கு இம்முறை பயன்படுகிறது.

இம்முறையில் நச்சு மருந்து எதுவும் பொருளின்மேல் படுவதில்லை. எனவே சிகிச்சை முடிந்தபின் பொருளில் எந்த எச்சமும் தங்காது. இதுவே இம்முறையின் முதன்மையான சிறப்பு. எச்சம் தங்காததால் பொருளுக்குப் பிற்காலப் பாதுகாப்பும் கிடைப்பதில்லை என்பது இதன் மறுபக்கம். இவ்விரண்டையும் சேர்த்தே இம்முறையைப் புரிந்துகொள்ள வேண்டும்.

பூச்சிகள் செய்யும் சேதம்

பழம்பொருள்களைத் தின்னும் பூச்சிகள் பெரும்பாலும் நம் வீட்டில் இருப்பவையே. மஞ்சள்தூள், மல்லி, வற்றல் மிளகாய் ஆகியவற்றில் காணப்படும் சிறிய பழுப்பு நிறச் சிகரெட் வண்டு, நூல்களின் அட்டையையும் பசையையும் உலர்தாவர மாதிரிகளையும் துளைக்கும். அதன் நெருங்கிய உறவான மருந்துக்கடை வண்டும் அவ்வாறே செய்யும். துணி அந்தின் புழுக்கள் கம்பளி, பட்டு, இறகு, முடி ஆகியவற்றை அரிக்கும். கம்பள வண்டின் மயிரடர்ந்த புழுக்கள் தோலையும் பதப்படுத்திய விலங்குடல்களையும் தின்னும். மரத்தை உளுக்கச் செய்யும் வண்டுகள் வேறு சில. இராமபாணம் எனப்படும் வெள்ளிப்பூச்சி காகிதத்தின் மேற்பரப்பைச் சுரண்டும். ஓலைச்சுவடிகளில் ஊசிமுனை போன்ற துளைகளை இடுவதும் ஒருவகைச் சிறு வண்டின் புழுவே.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொருளைத் தின்பது பெரும்பாலும் புழுதான். வளர்ந்த வண்டு வெளியேறும்போது உண்டாகும் துளையே நம் கண்ணுக்குத் தெரிகிறது. துளை தெரியும்போது உள்ளே நடந்த சேதத்தின் பெரும்பகுதி முடிந்திருக்கும். ஒரு பெண் சிகரெட் வண்டு நூறு வரையிலான முட்டைகளை இடக்கூடியது. எனவே பத்துப் புழுக்களில் ஒன்பது இறந்தாலும் வேலை முடிந்ததாகாது. எஞ்சிய ஒன்று வளர்ந்து, இணை சேர்ந்து, முட்டையிட்டால் சேதம் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

நச்சு மருந்துகளின் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் அருங்காட்சியகங்கள் பூச்சிகளை நஞ்சைக் கொண்டே எதிர்கொண்டன. ஆர்சனிக் சேர்மங்களும் பாதரசக் குளோரைடும் தோல்மீதும் இறகின்மீதும் பூசப்பட்டன. நாப்தலீன், டி.டி.டி. முதலியவை அலமாரிகளில் இடப்பட்டன. எத்திலீன் ஆக்சைடு, மெத்தில் புரோமைடு போன்ற நச்சு வாயுக்கள் அறைகளில் செலுத்தப்பட்டன.

இவை பூச்சிகளைக் கொன்றன. ஆனால் ஆர்சனிக்கும் பாதரசமும் ஆவியாகிக் காணாமற்போகும் பூச்சிக்கொல்லிகள் அல்ல. நூறு ஆண்டுகள் கழிந்தாலும் அவை பொருளிலேயே இருக்கும். இதன் விளைவு எவ்வளவு கடுமையானது என்பதை அமெரிக்கப் பழங்குடியினர் அனுபவத்தால் அறிந்தனர். பழங்குடியினரின் புனிதப் பொருள்களை அவர்களிடமே திருப்பித் தர வேண்டும் என்னும் சட்டம் அமெரிக்காவில் 1990இல் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின்படி அரிசோனாவைச் சேர்ந்த ஹோப்பி மக்களுக்குத் திருப்பித் தரப்பட்ட சடங்குப் பொருள்கள் சிலவற்றில் ஆர்சனிக் படிந்திருப்பது கண்டறியப்பட்டது. அருங்காட்சியகத்தில் அவை கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் காட்சிப் பொருள்கள். உரியவர்கள் கையிலோ, சடங்கின்போது அணியவும் ஏந்தவும் வேண்டியவை. பொருளைக் காக்கத் தடவிய மருந்தே, அந்தப் பொருளை அதற்குரியவர் தொட முடியாமற்செய்துவிட்டது.

வாயு மருந்துகளுக்கும் சிக்கல் வந்தது. எத்திலீன் ஆக்சைடு மனிதரில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என உறுதியாயிற்று. மெத்தில் புரோமைடு ஓசோன் படலத்தைச் சிதைக்கிறது என்பதால், 1987ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்பாட்டின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் 1992இல் சேர்க்கப்பட்டது. சில விலக்குகளைத் தவிர, வளர்ந்த நாடுகள் 2005ஆம் ஆண்டுக்குள்ளும் வளரும் நாடுகள் 2015ஆம் ஆண்டுக்குள்ளும் அதன் பயன்பாட்டை நிறுத்த வேண்டும் என முடிவாயிற்று. இந்நிலையில்தான் அருங்காட்சியகங்கள் நஞ்சில்லாத வழிகளைத் தீவிரமாகத் தேடத் தொடங்கின.

முறை உருவான வரலாறு

மூச்சுக்காற்று இல்லாமற்செய்து பூச்சியைக் கொல்லும் எண்ணம் தானியச் சேமிப்பிலிருந்து வந்தது. தானியத்தைக் காற்றுப் புகாமல் மூடிவைத்தால், தானியமும் அதிலுள்ள பூச்சிகளும் உள்ளிருக்கும் ஆக்சிஜனைப் பயன்படுத்தித் தீர்த்துவிடும். அதன்பின் பூச்சிகள் பெருக முடியாது. மால்டாத் தீவில் பதினேழாம் நூற்றாண்டு முதல் பாறையைக் குடைந்து அமைக்கப்பட்ட மணிவடிவத் தானியக் குழிகள், வாய்ப்பகுதியைக் கல்லால் மூடி இவ்வகையில் பயன்படுத்தப்பட்டன. பிற்காலத்தில் தானியக் கிடங்குகளில் நைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் செலுத்தும் வழக்கம் ஏற்பட்டது.

ஆனால் தானியமும் பழம்பொருளும் ஒன்றல்ல. தானியத்தில் ஓரிரு பூச்சி பிழைத்தால் இழப்பு சிறிது. ஒரே பிரதியாக உள்ள ஒரு பொருளில் ஒரு பூச்சி பிழைத்தாலும் இழப்பு பெரிது. எனவே அருங்காட்சியகப் பூச்சிகள் எவ்வளவு குறைந்த ஆக்சிஜனில், எத்தனை நாளில் முழுமையாக இறக்கும் என்பதைத் தனியாகக் கண்டறிய வேண்டியிருந்தது.

ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய மார்க் கில்பெர்க் என்னும் பாதுகாப்பு அறிவியலாளர், நைட்ரஜனைப் பயன்படுத்தி இத்தகைய ஆய்வைச் செய்து 1989இல் வெளியிட்டார். அதன்பின் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள கெட்டி பாதுகாப்பு நிறுவனம் இத்துறையில் விரிவான ஆய்வுகளை நடத்தியது. மைக்கேல் ரஸ்ட் என்னும் பூச்சியியலாளரும் அவர் குழுவினரும் பல பூச்சிகளை ஒரே நிலையில் வைத்துச் சோதித்தனர். ஷின் மேகாவா, சார்லஸ் செல்விட்ஸ் ஆகியோர் கருவிகளையும் செய்முறைகளையும் வகுத்தனர். இவற்றைத் தொகுத்து அந்நிறுவனம் 1998இலும் 2003இலும் வெளியிட்ட நூல்கள் இன்றும் இத்துறையினரின் வழிகாட்டிகளாக உள்ளன.

பூச்சி எவ்வாறு இறக்கிறது?

பூச்சிகளுக்கு நம்மைப் போல் நுரையீரல் இல்லை. உடலின் பக்கங்களில் வரிசையாக உள்ள நுண்ணிய சுவாசத் துளைகள் வழியே காற்று உட்சென்று, கிளைவிடும் மூச்சுக்குழல்கள் மூலம் திசுக்களை நேரடியாக அடைகிறது. இத்துளைகளுக்குக் கதவு போன்ற அமைப்பு உண்டு. பூச்சி அவற்றைப் பெரும்பாலும் மூடிவைத்து, தேவைக்கேற்பத் திறக்கும். உடலின் நீர் ஆவியாகிப் போகாமலிருக்க இந்த ஏற்பாடு உதவுகிறது.

சுற்றியுள்ள ஆக்சிஜன் மிகக் குறைந்தால் பூச்சியின் சுவாசத் துளைகள் திறந்தே இருக்கும். உள்ளே வர ஆக்சிஜன் இல்லை; ஆனால் உடலின் நீர் தொடர்ந்து வெளியேறுகிறது. பூச்சி மூச்சுத்திணறலோடு உடல் வறட்சியாலும் இறக்கிறது. இதை உணர்ந்தால் மூன்று செய்திகள் தாமே விளங்கும்.

முதலாவது வெப்பநிலை. சூடு கூடும்போது பூச்சியின் உடலியக்கம் வேகமாகும். ஆக்சிஜன் தேவையும் நீரிழப்பும் கூடும். சாவு விரைவில் நேரும். குளிரில் பூச்சி அடங்கிக் கிடந்து நெடுநாள் தாக்குப்பிடிக்கும்.

இரண்டாவது ஈரப்பதம். உலர்ந்த சூழலில் பூச்சி விரைவாக வறண்டு இறக்கும். ஆனால் மிகையாக உலர்த்தினால் பொருளுக்குத் தீங்கு வரும்.

மூன்றாவது வளர்நிலை. முட்டைக்கும் கூட்டுப்புழுவுக்கும் உடலியக்கம் குறைவு. எனவே அவை ஓடித்திரியும் பூச்சியைவிட நெடுநேரம் பிழைத்திருக்கும். பூச்சிகள் அசையாமல் கிடப்பதைக் கண்டு உறையைத் திறந்துவிடுவது இதனால்தான் பெரும்பிழையாகிறது.

ஆக்சிஜன் எவ்வளவு குறைய வேண்டும்?

நாம் மூச்சுவிடும் காற்றில் ஏறத்தாழ 20.9 விழுக்காடு ஆக்சிஜன் உள்ளது. பூச்சி ஒழிப்புக்கு இது 0.3 விழுக்காட்டுக்குக் கீழாவது இறங்க வேண்டும். 0.1 விழுக்காடே பாதுகாப்பான இலக்கு. ஒரு லிட்டர் காற்றில் 209 மில்லிலிட்டராக உள்ள ஆக்சிஜனை 1 மில்லிலிட்டர் அளவுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதே இதன் பொருள். பாதி ஆக்சிஜனை நீக்கினால் பாதிப் பூச்சிகள் இறக்கும் என்று கருதக் கூடாது. பல பூச்சிகள் ஆக்சிஜன் வெகுவாகக் குறைந்த நிலையிலும் உயிர்வாழக் கூடியவை.

எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும்?

ரஸ்ட் குழுவினர் 25.5 பாகை செல்சியஸ் வெப்பநிலையிலும் 55 விழுக்காடு ஈரப்பதத்திலும், 0.1 விழுக்காட்டுக்கும் குறைந்த ஆக்சிஜனில் பூச்சிகளைச் சோதித்தனர். வெள்ளிப்பூச்சியின் இனத்தைச் சேர்ந்த அடுப்படிப் பூச்சியின் வளர்ந்த நிலை 3 மணி நேரத்தில் முழுவதும் இறந்தது. சிகரெட் வண்டின் முட்டைகள் முழுவதும் இறக்க 192 மணி நேரம், அதாவது 8 நாள் ஆயிற்று. ஒரே உறையில், ஒரே நிலையில், இரு பூச்சிகளுக்கு இடையே அறுபத்துநான்கு மடங்கு வேறுபாடு.

ஒரு பொருளில் என்னென்ன பூச்சிகள் எந்தெந்த நிலையில் உள்ளன என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. எனவே எல்லாவற்றிலும் வலியதைக் கொண்டே நாள் கணக்கிட வேண்டும். 25 பாகை செல்சியஸ் அளவில் மூன்று வாரம் என்பது பலரும் பின்பற்றும் காலம். சோதனைக்கூடத்தில் 8 நாளில் முடிந்ததற்கு ஏன் 21 நாள் என்று கேட்கலாம். சோதனைக்கூடத்தில் முட்டைகள் திறந்த நிலையில் இருந்தன. பொருளிலோ அவை தடித்த மரத்துக்குள்ளும் மடித்த துணிக்குள்ளும் உள்ளன. ஆங்கே தங்கியுள்ள காற்று மெல்லமெல்லவே வெளியேறும். வீட்டு மரங்களைத் துளைக்கும் நீள்கொம்பு வண்டின் புழு போன்ற சிலவற்றுக்கு இதைவிடவும் நெடுங்காலம் தேவைப்படும். 20 பாகைக்குக் கீழே நாள்கள் பெரிதும் கூடும்.

நாள் எண்ணிக்கை உறையை ஒட்டிய நேரத்திலிருந்து தொடங்குவதில்லை. உள்ளே ஆக்சிஜன் இலக்கு அளவுக்கு இறங்கிய நேரத்திலிருந்தே தொடங்குகிறது. இடையில் கசிவு ஏற்பட்டு ஆக்சிஜன் கூடிவிட்டால், கசிவை அடைத்தபின் மறுபடியும் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும்.

செய்யும் வழிகள்

ஆக்சிஜனை நீக்க இரு அடிப்படை வழிகள் உள்ளன. ஒன்று, வேறு வாயுவைச் செலுத்திக் காற்றை வெளித்தள்ளுவது. மற்றொன்று, உள்ளிருக்கும் ஆக்சிஜனை வேதிவினையால் உறிஞ்சுவது.

1. வாயு செலுத்துதல்

நைட்ரஜன் அல்லது ஆர்கான் வாயுவை உறையின் ஒரு முனையில் செலுத்தி, மறுமுனையில் பழைய காற்றை வெளியேற்றுவர். நைட்ரஜன் மலிவானது; எளிதில் கிடைப்பது. ஆர்கான் விலை கூடியது. ஆனால் பூச்சிகளைச் சற்று விரைவாகக் கொல்கிறது. செலுத்தும் வாயு உள்ளிருக்கும் காற்றோடு கலந்துகொண்டே வெளியேறுவதால், உறையின் கொள்ளளவுக்குச் சமமான வாயு மட்டும் போதாது. ஒரு கொள்ளளவு வாயு செலுத்தும்போது ஆக்சிஜன் முன்பிருந்ததில் ஏறத்தாழ 37 விழுக்காட்டுக்கே குறைகிறது. 20.9 விழுக்காட்டிலிருந்து 0.1க்கு வர ஐந்து கொள்ளளவுக்கும் மேல் வாயு வேண்டும். 1 கனமீட்டர் உறைக்கு 5 கனமீட்டருக்கும் மேற்பட்ட நைட்ரஜன் தேவை.

உருளையிலிருந்து வரும் நைட்ரஜன் மிக உலர்ந்தது. அதை அப்படியே செலுத்தினால் மரம் வெடிக்கும், வண்ணப்பூச்சு உரியும். எனவே வாயுவின் ஒரு பகுதியை நீர் வழியாகக் குமிழியிடச் செய்து, 50 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதத்தோடு உள்ளே அனுப்புவர்.

2. ஆக்சிஜன் உறிஞ்சிகள்

ஜப்பானின் மிட்சுபிசி வாயு வேதிப்பொருள் நிறுவனம் 1977இல் உணவுப் பொட்டலங்களுக்காக ஏஜ்லெஸ் என்னும் சிறு பைகளை அறிமுகப்படுத்தியது. இவற்றில் உள்ள நுண்ணிய இரும்புத்தூள் துருப்பிடிக்கும்போது சுற்றியுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. இரும்பு துருப்பிடித்தல் என நாம் பள்ளியில் படித்த அதே வினைதான். பிற்காலத்தில் அருங்காட்சியகங்களும் இவற்றைப் பயன்படுத்தத் தொடங்கின. சிறிய பொருள்களுக்கு இது எளிய வழி. உருளையோ குழாயோ தேவையில்லை.

பெரிய உறைகளில் இரண்டையும் இணைப்பதுண்டு. முதலில் நைட்ரஜன் செலுத்தி ஆக்சிஜனைப் பெருமளவு குறைத்துவிட்டு, எஞ்சியதையும் பின்னர் கசிந்து வருவதையும் உறிஞ்சிப் பைகளுக்கு விட்டுவிடுவர்.

ஒரு கணக்கு

50 லிட்டர் கொள்ளளவுள்ள உறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் உள்ள ஆக்சிஜன் ஏறத்தாழ 10.5 லிட்டர். ஒவ்வொன்றும் 2 லிட்டர் ஆக்சிஜனை உறிஞ்சும் பைகள் நம்மிடம் இருந்தால், கணக்கின்படி ஆறு பைகள் வேண்டும். 1 கிராம் இரும்பு ஏறத்தாழ 300 மில்லிலிட்டர் ஆக்சிஜனோடு சேரும். எனவே அந்த 10.5 லிட்டரை எடுக்க 35 கிராம் இரும்பு முழுமையாகத் துருப்பிடிக்க வேண்டும். நடைமுறையில் கசிவுக்கும் சேர்த்துக் கூடுதலாகவே பைகள் வைக்கப்படும்.

இந்தக் கணக்கு உறையின் தரத்தைப் பொறுத்தே பலிக்கும். சாதாரணப் பாலித்தீன் நீரைத் தடுக்கும், ஆக்சிஜனைத் தடுக்காது. அதன் ஒரு சதுரமீட்டர் பரப்பு வழியாக நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான மில்லிலிட்டர் ஆக்சிஜன் ஊடுருவும். 400 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டால் 21 நாளில் 8.4 லிட்டர். நீக்கிய ஆக்சிஜனில் ஐந்தில் நான்கு பங்கு மறுபடியும் உள்ளே வந்துவிடும். அலுமினியத் தாளும் பல அடுக்கு நெகிழியும் சேர்ந்த தடுப்புப் படலத்தின் வழியாக நாளொன்றுக்கு ஒரு மில்லிலிட்டர் அளவுக்கோ அதற்கும் குறைவாகவோதான் ஊடுருவும். 21 நாளிலும் அது பொருட்படுத்தத்தக்க அளவை எட்டாது. எனவே வீட்டில் கிடைக்கும் பாலித்தீன் பையில் பொருளை இட்டுக் கட்டிவைப்பது ஆக்சிஜன் நீக்கம் ஆகாது.

செய்முறையின் படிகள்

1. பூச்சி இப்போது உயிரோடு உள்ளதா எனச் சோதிக்க வேண்டும். பொருளைக் கறுப்புத் தாளின்மேல் சில நாள் வைத்தால், புதிதாக உதிரும் மாவு போன்ற தூள் தெரியும். பழைய துளைகள் மட்டும் இருப்பது பூச்சி உயிரோடு உள்ளதற்குச் சான்றாகாது.
2. பொருளின் நிலையை எழுதி, நிழற்படம் எடுத்து, தளர்ந்த பகுதிகளைத் தாங்கிப் பிடிக்கும் பலகையோ அட்டைப்பெட்டியோ அமைக்க வேண்டும்.
3. ஈரப்பதத்தைச் சமநிலையில் வைக்கும் சிலிக்கா களியையும், வெப்பநிலை, ஈரப்பதம் காட்டும் சிறு கருவியையும் உடன்வைக்க வேண்டும்.
4. உறையின் விளிம்புகளைச் சூட்டால் ஒட்டும் கருவியைக் கொண்டு இருமுறை ஒட்ட வேண்டும். கசிவுகளில் பெரும்பாலானவை இந்த ஒட்டுகளில்தான் ஏற்படும்.
5. உறிஞ்சிப் பைகளைப் பொருளின்மேல் படாமல், உறையின் ஓரத்தில் பரப்பி வைக்க வேண்டும். துருப்பிடிக்கும்போது அவை சூடாகும். பையைத் திறந்த சில நிமிடங்களுக்குள் உறையை மூடிவிட வேண்டும்.
6. ஆக்சிஜன் அளவைக் கருவியாலோ நிறம் மாறும் காட்டியாலோ நாள்தோறும் பார்த்துக் குறிக்க வேண்டும். பரவலாகப் பயன்படும் காட்டி மாத்திரை, ஆக்சிஜன் 0.1 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் இளஞ்சிவப்பாகவும், 0.5 விழுக்காட்டுக்கு மேல் ஏறினால் நீலமாகவும் மாறும்.
7. குறித்த நாள்கள் முடிந்தபின் உறையைத் திறந்து, இறந்த பூச்சிகளையும் தூளையும் மென்தூரிகையால் அகற்ற வேண்டும். பழைய தூள் அகற்றப்பட்டால்தான் பின்னாளில் புதிய தூள் உதிர்வது தெரியவரும்.

பொருளுக்குத் தீங்கு வருமா?

பெரும்பாலான பொருள்களுக்கு இம்முறையால் தீங்கில்லை. ஆயினும் மூன்றில் எச்சரிக்கை தேவை.

முதலாவது வண்ணம். சில நிறமிகள் நிலைத்திருக்க ஆக்சிஜன் வேண்டும். ஐரோப்பாவில் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்ட பிரஷ்ய நீலம் ஆக்சிஜன் இல்லாத நிலையில் வெளிறக்கூடும். காற்றுப் பட்டதும் பெரும்பாலும் பழைய நிறத்துக்குத் திரும்பும். ஈய ஆக்சைடு அடங்கிய மஞ்சள் நிறமி போன்ற வேறு சிலவற்றிலும் மாற்றம் காணப்பட்டுள்ளது. எனவே வண்ணம் தீட்டிய பொருளில் எந்த நிறமி உள்ளது என்பதை முன்பே அறிவது நல்லது.

இரண்டாவது அழுத்தம். உறிஞ்சிப் பைகள் ஆக்சிஜனை மட்டும் எடுத்துக்கொள்வதால் உறைக்குள் உள்ள வாயுவின் கன அளவு ஐந்தில் ஒரு பங்கு குறையும். உறை சுருங்கிப் பொருளை அழுத்தும். இறகு, பறவைக்கூடு, மெல்லிய கூடை போன்றவற்றை உறுதியான பெட்டிக்குள் வைத்தே உறையில் இட வேண்டும்.

மூன்றாவது ஈரப்பதம். இதை முன்னரே கண்டோம்.

மனிதர்க்கான எச்சரிக்கை

நைட்ரஜன் நச்சு வாயு அன்று. காற்றில் 78 விழுக்காடு அதுவே. இதனாலேயே அதைச் சிலர் அஞ்சாமல் கையாள்கின்றனர். மூடிய அறையில் நைட்ரஜன் கசிந்தால் காற்றிலுள்ள ஆக்சிஜனின் அளவு குறையும். நமக்கு மூச்சுமுட்டும் உணர்வு உண்டாவது இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு சேர்வதால்தான். நைட்ரஜனை மூச்சில் இழுக்கும்போது கார்பன் டை ஆக்சைடு வழக்கம்போல் வெளியேறிவிடுவதால், எந்த முன்னறிவிப்பும் இன்றி மயக்கம் வந்து உயிர் போகக்கூடும். அறையின் ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் கீழே இறங்குவது ஆபத்தானது. உருளை வாயுவைப் பயன்படுத்தும் இடத்தில் நல்ல காற்றோட்டமும் ஆக்சிஜன் அளவு குறைந்தால் ஒலிக்கும் எச்சரிக்கைக் கருவியும் இருக்க வேண்டும். மாணவர்கள் இதனைத் தாமாகச் செய்து பார்க்கக் கூடாது.

மற்ற முறைகளோடு ஒப்பீடு

உறைகுளிர் முறையில், பொருளை நெகிழி உறையில் இட்டு, உறைபதனப் பெட்டியில் −30 பாகை செல்சியஸில் சில நாளோ, −20 பாகையில் அதைவிட நெடுநாளோ வைப்பர். துணிகளுக்கும் நூல்களுக்கும் இது விரைவான, செலவு குறைந்த முறை. பல அடுக்கு வண்ணம் பூசிய மரம், தந்தம், இழுத்துக் கட்டிய தோல் போன்றவை குளிரில் சுருங்கி விரிசல் விடக்கூடும். 55 பாகை அளவில் சூடேற்றும் முறையும் உண்டு. மெழுகும் பிசினும் சேர்ந்த பொருள்களுக்கு அது ஏற்றதன்று.

கார்பன் டை ஆக்சைடு முறையில் அவ்வாயுவை 60 விழுக்காடும் அதற்கு மேலும் செலுத்துவர். அவ்வாயுவே பூச்சியின் உடலைத் தாக்குவதால் ஆக்சிஜனை முழுவதும் நீக்க வேண்டியதில்லை. பெரிய கூடாரங்களுக்கு இது வசதி. ஆனால் ஈரத்தோடு சேர்ந்தால் மென்மையான அமிலமாக மாறுவதும், மனிதர்க்கு நேரடியாகவே நச்சாவதும் இதன் குறைகள்.

மரம், தோல், இறகு, துணி, வண்ணம் ஆகியவை ஒன்றாகச் சேர்ந்த முகமூடி போன்ற பொருளுக்கு, குளிரும் சூடும் ஒவ்வொரு பகுதியையும் ஒவ்வொரு விதமாகப் பாதிக்கும். அத்தகைய கலப்புப் பொருள்களுக்கு ஆக்சிஜன் நீக்கமே பெரும்பாலும் தக்க வழி. ஆயினும் அங்கும் ஒரு கேள்வி உண்டு. தம் புனிதப் பொருள்களை உயிருள்ளவையாகவே கருதும் சமூகங்கள் உள்ளன. அவற்றைக் காற்றில்லாமல் மூடிவைப்பது அவர்களுக்கு ஏற்புடையதா என்பதை உரியவர்களிடம் கேட்டபின்பே செய்வது முறை. நஞ்சு தடவிய காலத்தில் யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

தொடர்புடைய பயன்பாடு

ஆக்சிஜன் நீக்கம், பூச்சி ஒழிப்பிலிருந்து வேறான ஒரு நோக்கத்துக்கும் பயன்படுகிறது. ஆக்சிஜனால் காகிதமும் மையும் பழுதடைவதைத் தடுக்க, அரிய ஆவணங்களை நிரந்தரமாக மந்த வாயுவில் வைப்பதுண்டு. புதுதில்லி நாடாளுமன்ற நூலகத்தில் இந்திய அரசமைப்புச் சட்டத்தின் மூலப்படிகள் நைட்ரஜன் நிரப்பிய காற்றுப் புகாப் பேழைகளில் உள்ளன. இப்பேழைகளை உருவாக்குவதில் இந்தியாவின் தேசிய இயற்பியல் ஆய்வகமும் கெட்டி பாதுகாப்பு நிறுவனமும் இணைந்து பணியாற்றின. அமெரிக்காவின் விடுதலைப் பறைசாற்றம் ஆர்கான் நிரப்பிய பேழையில் உள்ளது. பூச்சி ஒழிப்பில் உறை சில வாரங்களே மூடியிருக்கும். இவற்றிலோ பேழை பல ஆண்டுகள் மூடியிருக்கும்.

முறையின் வரம்புகள்

ஆக்சிஜன் நீக்கம் பூச்சியைக் கொல்லும். பூஞ்சையை ஒழிக்கும் என நம்பக் கூடாது. பூஞ்சை ஆக்சிஜன் இல்லாதபோது வளராமல் நிற்கலாம். ஆனால் அதன் வித்துகள் பிழைத்திருந்து, ஈரமும் காற்றும் கிடைத்ததும் முளைக்கும். மேலும் இம்முறை நேர்ந்துவிட்ட சேதத்தைச் சரிசெய்வதில்லை. உளுத்த மரத்தை உறுதிப்படுத்துவது தனி வேலை.

எல்லாவற்றுக்கும் மேலாக, சிகிச்சை முடிந்த பொருளில் பூச்சியைத் தடுக்கும் எதுவும் இருப்பதில்லை. உறையிலிருந்து எடுத்த அன்றே பூச்சியுள்ள அலமாரியில் வைத்தால், மூன்று வார உழைப்பு வீணாகிவிடும். எனவே இதை ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மையின் ஒரு பகுதியாகவே செய்ய வேண்டும். புதிதாக வரும் பொருளைத் தனி அறையில் வைத்துப் பார்ப்பது, ஒட்டும் பொறிகள் வைத்து எந்தப் பூச்சி நடமாடுகிறது என அறிவது, அலமாரியின் மூலைகளைத் தூசியின்றி வைப்பது, ஈரத்தைக் குறைப்பது, உணவுப் பண்டங்களைச் சேகரிப்பு அறைக்குள் அனுமதிக்காதது ஆகியவை அதில் அடங்கும்.

நஞ்சு தடவிய காலத்தில் காவல் வேலையை மருந்திடம் விட்டுவிட்டு மனிதர் ஓய்வெடுத்தனர். அதன் விலையைப் பிற்காலத்தில் அப்பொருள்களைக் கையில் எடுத்தவர்கள் கொடுத்தனர். ஆக்சிஜன் நீக்க முறை அந்தக் காவல் வேலையை மறுபடியும் மனிதரிடமே ஒப்படைக்கிறது. கசிவில்லாத உறை, நாள்தோறும் பார்த்துக் குறித்த அளவு, முழுதாக எண்ணிய நாள்கள், அதன்பின் இடைவிடாத கண்காணிப்பு ஆகிய நான்கும் இருந்தால், பூச்சி அரித்த பொருளும் அடுத்த தலைமுறையினர் அச்சமின்றித் தொட்டுப் பார்க்கும் பொருளாக நிலைத்திருக்கும்.